இல்லாத துணிக்கு என் கையெழுத்து: பொறுப்பு ஆடிட்டருக்கா, எனக்கா?

திருப்பூரிலிருந்து ஒரு சகோதரி எழுதிய நீண்ட கடிதம் இது. அவரையும் நிறுவனத்தையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 41. பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் 14 ஆண்டுகளாக வேலை பார்க்கிறார்; இப்போது அக்கவுன்ட்ஸ் மேனேஜர். அவரை வேலைக்குச் சேர்த்த பெரியவர் காலமாகிவிட்டார், மகன் எம்.டி.யாக இருக்கிறார். வங்கிக் கடன் மொத்தம் 62 கோடி ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டு ஆர்டர் ஒன்று ரத்தானபோது, "இந்த ஒரு மாசம் மட்டும் பார்த்துப் போட்டுருங்க, அடுத்த மாசம் சரி பண்ணிக்கலாம்ங்க" என்று எம்.டி. சொல்ல, வங்கிக்குப் போகும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் (சரக்கு இருப்பு அறிக்கையில்) 40 லட்சம் ரூபாய் கூட்டிக் காட்டியிருக்கிறார். இன்று உண்மையில் இருக்கும் சரக்கு 7 கோடி ரூபாய். காட்டப்படுவது பதினொன்றரைக் கோடி. மார்ச் மாதக் கடைசியில் குறைகிற துணியெல்லாம் சாயப்பட்டறைகளிலும் நிட்டிங் யூனிட்டுகளிலும் இருப்பதாகக் கணக்கு எழுதப்படுகிறது. அந்தப் பட்டறைகள் கொடுத்ததுபோன்ற இருப்புக் கடிதங்களை இவரே டைப் செய்து ஆடிட்டர் அலுவலகத்துப் பையன்களிடம் கொடுத்திருக்கிறார். இரண்டு பட்டறைகளின் லெட்டர்பேடு இவருடைய மேஜை டிராயரில் இருக்கிறது. ஆடிட்டர் இரண்டு ஆண்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்திட்டுவிட்டார்.

அவர் கேட்பவை: "ஆடிட்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு பொறுப்பு அவருடையதுதானே? ஆடிட்டரிடம் ரகசியமாகச் சொன்னால் என் பெயர் வெளியே வராதா? பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபிக்கு எழுதச் சொல்கிறார் என் கணவர், எழுதலாமா? மகள் பிளஸ் டூ படிக்கிறாள். சத்தமில்லாமல் வேலையை விட்டுவிட்டால் என்ன?"

அன்புச் சகோதரி,

"இதுவரை வட்டி ஒரு நாளும் தவறவில்லை, யாருக்கும் நஷ்டமில்லை" என்று நீங்கள் எழுதிய வரியைத் தாண்டிப் போக எனக்கு முடியவில்லை. இரவில் தூக்கம் வராதபோது உங்களை நீங்களே தேற்றிக்கொள்ளச் சொல்லிப் பழகிய வார்த்தைகளாகவே அவை எனக்குப் பட்டன. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சரக்கை ஈடாக வைத்து வங்கி தரும் சி.சி. (கேஷ் கிரெடிட்) கடன் கணக்கில் எவ்வளவு எடுக்கலாம் என்பது நீங்கள் அனுப்பும் ஸ்டேட்மென்ட்டைப் பொறுத்தது. சரக்கின் மதிப்பில் 25 விழுக்காட்டை மார்ஜினாகக் கழித்து மீதிக்கு டிராயிங் பவர், அதாவது பணம் எடுக்கும் வரம்பு, தருகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், இல்லாத நாலரைக் கோடி ரூபாய்ச் சரக்கின் பேரில் 3 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயை எடுக்க வழி திறந்திருக்கிறது. தவறாமல் கட்டிய வட்டியே அந்தப் பணத்திலிருந்து போயிருக்கலாம். வெளிநாட்டு வாங்குபவர் ஒருவர் இரண்டு மாதம் பணத்தை இழுத்தடித்தால் போதும், வங்கியின் ஆட்கள் குடோன் வாசலில் நிற்பார்கள். அன்று துணியும் இருக்காது, பணமும் இருக்காது. தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்களின் வாரச் சம்பளமும், துணி வெளுத்துக் கொடுத்த சின்னப் பட்டறைகளின் பாக்கியும்தான் முதலில் நின்றுபோகும். சட்டமும் நஷ்டம் வரும்வரை காத்திருப்பதில்லை. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 447ஆவது பிரிவு மோசடியை வரையறுக்கும்போது, அதனால் யாருக்காவது தவறான லாபமோ நஷ்டமோ ஏற்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. தொகை 10 லட்சம் ரூபாய் அல்லது விற்றுமுதலில் ஒரு விழுக்காடு, இவற்றில் எது குறைவோ அதைத் தொட்டுவிட்டால், தண்டனை ஆறு மாதம் முதல் பத்து ஆண்டு வரை சிறை. அபராதம் அந்தத் தொகைக்குக் குறையாமல் அதன் மூன்று மடங்கு வரை.

ஆடிட்டர் கையெழுத்து எதற்காக?

நான் முப்பது ஆண்டுகளாகத் தணிக்கை செய்கிறவன். எங்கள் கையெழுத்தைப் பற்றி மக்களிடம் இருக்கும் மிகப் பெரிய தவறான எண்ணம், கணக்கின் பொறுப்பு கைமாறி எங்களிடம் வந்துவிடுகிறது என்பதுதான். கணக்கைத் தயாரிப்பது நிர்வாகம். அது உண்மையான, நியாயமான நிலையைக் காட்டுகிறது என்று கம்பெனிகள் சட்டத்தின் 134ஆவது பிரிவின்படி பொறுப்பேற்பது இயக்குநர் குழு. அந்தக் கணக்கைச் சோதித்துப் பார்த்துத் தன் கருத்தைச் சொல்வது மட்டுமே ஆடிட்டரின் வேலை. அவர் கவனமில்லாமல் இருந்தால் அதற்கு அவர் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். ஆனால், அவருடைய தவறு உங்கள் பங்கில் ஒரு பைசாவைக்கூடக் கழித்துவிடாது.

உங்கள் கதைக்கு நெருங்கிய உறவான வழக்கு ஒன்று 1896இல் இங்கிலாந்தில் நடந்தது. கிங்ஸ்டன் காட்டன் மில் என்ற பஞ்சாலையில் மேனேஜர் பல ஆண்டுகள் பஞ்சு, நூல் இருப்பைக் கூட்டிக் கூட்டி எழுதினார். ஆடிட்டர்கள் அவர் கொடுத்த சான்றிதழை நம்பிக் கையெழுத்திட்டார்கள். ஆடிட்டர் காவல்நாய்தான், மோப்பநாய் அல்ல என்று சொல்லி நீதிமன்றம் அவர்களை விட்டுவிட்டது. எங்கள் தொழிலில் பலரும் இன்றும் அந்தத் தீர்ப்பைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறார்கள். அது எனக்கு வருத்தம் தரும் விஷயம். காரணம், அதன் பிறகு காலம் வெகுதூரம் வந்துவிட்டது. 1938இல் அமெரிக்காவின் மெக்கெஸன் அண்டு ராபின்ஸ் என்ற மருந்துக் கம்பெனியில் ஏட்டில் மட்டுமே இருந்த சரக்கும் வரவேண்டிய பாக்கியுமாகச் சுமார் 1 கோடியே 90 லட்சம் டாலர் வெளிப்பட்ட பிறகு, சரக்கை நேரில் போய்ப் பார்ப்பதும் பாக்கிதாரரிடம் நேரடியாகக் கேட்பதும் அங்கே ஆடிட்டரின் கடமையாகின. இந்தியாவிலும் தணிக்கைத் தரநிலை 501 அதையே சொல்கிறது: கணிசமான சரக்கு வேறொருவர் பொறுப்பில் இருந்தால், ஆடிட்டர் அவரிடம் உறுதிக் கடிதம் கேட்க வேண்டும், அல்லது நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கடிதம் கேட்கும்போது அது ஆடிட்டரின் கையிலிருந்து போய் ஆடிட்டரின் கைக்கே திரும்ப வேண்டும் என்பது 505ஆவது தரநிலை. நீங்கள் டைப் செய்து நீங்களே நீட்டிய கடிதத்தை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டது அந்தத் தரநிலையின்படி தணிக்கையே ஆகாது.

நான் ஆடிட்டராவதற்கான ஆர்ட்டிக்கிள் பயிற்சியில் இருந்தபோது, ஒரு நூற்பாலைக் குடோனில் பேல்களை (பெரிய கட்டுகளை) எண்ண அனுப்பப்பட்டேன். நீளத்தில் எத்தனை, அகலத்தில் எத்தனை, உயரத்தில் எத்தனை என்று பெருக்கி எழுதிக்கொண்டு பெருமையாக வந்து நின்றேன். என் சீனியர் ஒன்றும் சொல்லாமல் ஏணியைக் கொண்டுவரச் சொன்னார். மேலே ஏறிப் பார்த்தால், நான்கு பக்கமும் சுவர்போல் பேல்; நடுவே ஓர் ஆள் கையை விரித்து நிற்கும் அளவு வெற்றிடம். அதன் அடியில் ஒரு கிழிந்த சாக்கு கிடந்தது. அன்றிலிருந்து ஏணி இல்லாமல் நான் எந்தக் குடோனையும் எண்ணியதில்லை.

உங்கள் ஆடிட்டர் ஏணியைத் தேடவில்லை. தேடியிருந்தால் நெடுநேரம் ஆகியிருக்காது. சாயத்துக்குப் போன துணிக்கு டெலிவரி சலான் இருக்க வேண்டும், ஜி.எஸ்.டி.யில், வேலைக்காக வெளியே அனுப்பிய சரக்கைக் காட்டும் ஐ.டி.சி.-04 படிவத்தில் அது ஏறியிருக்க வேண்டும். ஓராண்டுக்குள் திரும்பி வராவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்பனையானதாகக் கருதி வரி கேட்பார்கள். இல்லாத துணிக்கு இவற்றில் எதுவும் இருக்காது. அதோடு, 5 கோடி ரூபாய்க்கு மேல் நடைமுறை மூலதனக் கடன் பெற்ற கம்பெனி, காலாண்டுதோறும் வங்கிக்குக் கொடுத்த ஸ்டேட்மென்ட்டுகள் கணக்கு ஏடுகளோடு ஒத்துப்போகின்றனவா என்பதைத் தணிக்கை அறிக்கையிலேயே சொல்ல வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் காரோ (கம்பெனிகள் தணிக்கை அறிக்கை) உத்தரவு ஆடிட்டரைக் கட்டாயப்படுத்துகிறது. வங்கிகளின் மேஜையில் அந்த அறிக்கை இருக்கிறது. வங்கி அனுப்பும் ஸ்டாக் ஆடிட்டர் ஒரு நாள் நேராகச் சாயப்பட்டறைக்கே போய் நின்றுவிட்டால், உங்கள் லெட்டர்பேடு கடிதங்கள் அந்த நிமிடமே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. சத்யம் என்ற சாஃப்ட்வேர் கம்பெனியின் வழக்கை நினைத்துப் பாருங்கள். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தின்படி, ஏட்டில் ரொக்கமும் வங்கி இருப்புமாகக் காட்டிய 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லாத பணம். சிறியதாகத் தொடங்கிய இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்துவிட்டது, புலிமேல் ஏறியவனுக்கு இறங்கத் தெரியாத கதையாகிவிட்டது என்று அவரே எழுதினார். உங்கள் 40 லட்சமும் இப்படித்தான் நாலரைக் கோடியானது. அங்கேயும் வங்கிகளிடமிருந்து நேரடியாக உறுதிக் கடிதம் பெறாமல், கம்பெனி கொடுத்த காகிதங்களை ஆடிட்டர்கள் நம்பினார்கள். 2015 ஏப்ரலில் ஹைதராபாத் நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது. அவர்களில் ராஜு குடும்பத்தினரும், தலைமை நிதி அதிகாரியும், இரண்டு ஆடிட்டர்களும் இருந்தார்கள் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். உள் தணிக்கைத் தலைவரும், நிதிப் பிரிவில் மேலிடம் சொன்னதைச் செய்த மூன்று ஊழியர்களும் அதே பட்டியலில் இருந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது உண்மைதான்; ஆனால், அந்த ஊழியர்கள் ஆறு ஆண்டுகள் நீதிமன்ற வராந்தாவில் கழித்ததை யாரும் திருப்பித் தர முடியாது.

உங்கள் நிலைக்கு நேரடியாகப் பொருந்துவது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 344ஆவது பிரிவு. எழுத்தரோ, அலுவலரோ, ஊழியரோ ஏமாற்றும் நோக்கத்தோடு கணக்கைத் திரித்தால் ஏழு ஆண்டு வரை சிறை என்கிறது அது. 2024 ஜூலை 1க்கு முன் நடந்தவற்றுக்குப் பழைய சட்டத்தின் 477-அ பிரிவு. பட்டறை பெயரில் கடிதம் தயாரித்தது போலி ஆவணக் குற்றமாகவும் பார்க்கப்படலாம். "முதலாளி சொன்னார்" என்பது தண்டனையைக் குறைக்க உதவலாமே தவிர, குற்றத்தைத் துடைக்காது.

ஆடிட்டரிடம் ரகசியமாகச் சொன்னால்

வழக்கறிஞரிடம் சொல்வதுபோல் ஆடிட்டரிடம் சொல்ல முடியாது. கம்பெனிக்குள் அலுவலர்களோ ஊழியர்களோ செய்த, 1 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட மோசடி நடப்பதாக ஆடிட்டர் நம்பக் காரணம் கிடைத்துவிட்டால், கம்பெனிகள் சட்டத்தின் 143(12) பிரிவின்படி அவர் வாய்மூடி இருக்க முடியாது. தெரிந்த இரண்டு நாளுக்குள் இயக்குநர் குழுவுக்கு எழுத வேண்டும். 45 நாளுக்குள் பதில் கேட்க வேண்டும். அதன்பின் 15 நாளில், பதில் வந்தாலும் வராவிட்டாலும், மத்திய அரசுக்கு அனுப்ப வேண்டும். குழு என்றால் உங்கள் கம்பெனியில் எம்.டி.யும் அவர் குடும்பமும்தான். உங்கள் பெயரை ஆடிட்டர் எழுதாமலே போகலாம். ஆனால், அந்த எண்களை அறிந்தவர்கள் உங்கள் அலுவலகத்தில் எத்தனை பேர்? ஆகவே, ஆடிட்டரிடம் போவது சரியான வழியாகவே இருக்கலாம், ரகசிய வழியாக இருக்காது. தெரிந்தே போங்கள், எழுத்தில் போங்கள்.

இங்கே இன்னொன்றைச் சரிபாருங்கள். பெரியவர் காலத்திலிருந்து ஒரே ஆடிட்டர் அலுவலகம் என்று எழுதியிருக்கிறீர்கள். வங்கிக் கடன் 50 கோடி ரூபாயை எட்டிய பிரைவேட் கம்பெனிக்கும் ஆடிட்டர் மாற்றம் கட்டாயம்: தனி நபருக்கு ஐந்து ஆண்டு, கூட்டு நிறுவனத்துக்கு இரு முறை ஐந்தாக மொத்தம் பத்து ஆண்டு. அந்த வரம்பு தாண்டியிருந்தால் அதுவே தனிக் குறை. ஆடிட்டருக்கு ஊதியம் கொடுப்பவரே அவர் சோதிக்க வேண்டியவராக இருப்பது எங்கள் தொழிலின் தீராத நெருடல். இந்தச் சுழற்சி விதி அதற்காகவே வந்தது.

உங்கள் கணவரின் யோசனை நல்லெண்ணத்தில் வந்தது. ஆனால், உங்கள் கம்பெனி பங்குச் சந்தையில் இல்லை என்பதால் செபிக்கு இதில் வேலையில்லை. 2018 அக்டோபரில் தொடங்கிய தேசிய நிதி அறிக்கை ஆணையமும் முக்கியமாகப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளையும் பெரிய பொதுக் கம்பெனிகளையும்தான் பார்க்கிறது. ஆடிட்டர் மீதான புகார் இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவுக்குப் போக வேண்டும். கம்பெனி மீதானது கம்பெனிப் பதிவாளருக்கு. கடனைப் பொறுத்தவரை, வங்கிக்கே ஒரு விஜிலென்ஸ் பிரிவு உண்டு.

சத்தமில்லாமல் விலகினால்

விலகலாம், ஆனால் விலகல் பின்னோக்கி வேலை செய்யாது. ஐ.எல். அண்டு எஃப்.எஸ். என்ற நிதி நிறுவனத்தின் வழக்கில், விலகிவிட்டதால் தங்கள் மீதான நடவடிக்கை முடிந்துவிட்டது என்று ஆடிட்டர்கள் வாதாடினார்கள். 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஊழியருக்குப் பொருந்தும் சட்டப் பிரிவு வேறு, ஆனால் நியாயம் அதேதான். நீங்கள் போன பிறகு "எல்லாம் அந்தம்மா பார்த்த கணக்கு" என்று விரல் நீளும்போது, பதில் சொல்ல நீங்கள் அந்த நாற்காலியில் இருக்க மாட்டீர்கள். விலகுவதாக இருந்தாலும் உண்மையை எழுத்தில் பதிவு செய்த பிறகு விலகுங்கள்.

இனிச் செய்ய வேண்டியவை

முதல் வேலை, குற்றவியல் வழக்குகள் பார்க்கும் ஒரு வழக்கறிஞரைத் தனியாகச் சந்திப்பது. கம்பெனியின் வழக்கறிஞர் வேண்டாம். அவருடைய கட்சிக்காரர் நீங்கள் அல்ல. அந்தக் கடிதங்களைப் பற்றி யாரிடம், எப்போது, என்ன சொல்வது என்பதை அவர் சொன்ன பிறகே முடிவு செய்யுங்கள். அதுவரை அதுபற்றி மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ ஒரு வரியும் எழுத வேண்டாம்.

எதையும் அழிக்காதீர்கள். லெட்டர்பேடைக் கிழித்துப் போடுவதும், டாலி கணக்கு மென்பொருளில் பழைய பதிவுகளைத் திருத்துவதும் புதிய குற்றமாகும். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும் என்பது விதி, அதையும் ஆடிட்டர் அறிக்கையில் சொல்கிறார். அதேபோல் கம்பெனியின் கோப்புகளை அள்ளிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். எந்தத் தேதியில் யார் என்ன சொன்னார்கள் என்பதை உங்கள் சொந்த நோட்டில் எழுதி வையுங்கள்.

இனி ஒரு ஸ்டேட்மென்ட்டிலும் பொய் எண்ணைப் போடாதீர்கள். வழக்கறிஞர் பார்த்துக் கொடுத்த வாசகத்தில் எம்.டி.க்கு எழுதுங்கள்: குடோனில் உள்ள சரக்கின் மதிப்பு இவ்வளவு, இதை மட்டுமே என்னால் அனுப்ப முடியும். அவருக்கு ஒரு வாய்ப்பும் கொடுங்கள். ஒரு முதலாளி தானாக வங்கிக்குப் போய் நிலையைச் சொல்லி, சொந்தப் பணமோ கூடுதல் அடமானமோ கொண்டுவந்து, குறைகிற டிராயிங் பவரைக் கட்ட அவகாசம் கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். வங்கி மேலாளர் முகம் சுளிப்பார், கேள்விகள் கேட்பார், அந்தக் கணக்கை மோசடிப் பட்டியலில் சேர்க்கவும் அவருக்கு வழி உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் வங்கி கண்டுபிடித்த பிறகு போவதற்கும் முன்னால் போவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பெரியவரிடம் உங்களுக்கு இருந்த மரியாதையைக் காரணம் காட்டி உங்களைத் தடுப்பார்கள். அவர் கட்டிய கம்பெனி பிழைக்க மிச்சமிருக்கும் வழி இதுதான் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

எம்.டி. மறுத்தால் அடுத்த படி. வங்கிக் கடன் 50 கோடி ரூபாயைத் தாண்டிய கம்பெனியில், கம்பெனிகள் சட்டத்தின் 177ஆவது பிரிவின்படி ஊழியர்கள் குறை சொல்லத் தனி வழிமுறையும், அதைக் கேட்க ஒரு இயக்குநரும், புகார் கொடுத்தவரைப் பழிவாங்காமல் காக்கும் ஏற்பாடும் இருக்க வேண்டும். அந்த வழியில் எழுத்தில் புகார் கொடுத்து, ஒரு பிரதியை ஆடிட்டருக்கும் அனுப்புங்கள். ஆண்டில் வந்த இத்தகைய புகார்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டாரா என்று ஆடிட்டர் அறிக்கையில் எழுதியாக வேண்டும் என்பதால், தெரியாது என்று அவர் இனிச் சொல்ல முடியாது. இந்தப் பாதுகாப்பை மிகைப்படுத்தி நம்பிவிடாதீர்கள். 2014ஆம் ஆண்டின் தகவல் வெளியிடுவோர் பாதுகாப்புச் சட்டம் அரசு ஊழியர்கள் தொடர்பான புகார்களுக்கானது. தனியார் கம்பெனி ஊழியருக்கு அது குடை பிடிக்காது. வேலை போகும் வாய்ப்பு உண்மையானது. மகளின் கல்லூரிக் கட்டணத்தையும் ஆறு மாத வீட்டுச் செலவையும் உங்கள் கணவரோடு உட்கார்ந்து இப்போதே கணக்குப் போடுங்கள். பதினான்கு ஆண்டு ஏற்றுமதிக் கணக்கு பார்த்தவருக்குத் திருப்பூரில் வேறு வேலை கிடைக்கும். வழக்கில் பெயர் சேர்ந்துவிட்டால் அது கடினம்.

இந்த மாத ஸ்டேட்மென்ட் 10ஆம் தேதிக்குள் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன் வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள். போகும்போது, எந்தெந்த மாதம் எவ்வளவு கூட்டிக் காட்டப்பட்டது என்பதை உங்கள் கையாலேயே ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். முதல் வரியில் அந்த 40 லட்சம் இருக்கட்டும். ஸ்டேட்மென்ட்டை அனுப்பும் நாளில், குடோனில் இருக்கும் துணி ரோல்களை நீங்களே எண்ணி, எடை போட்டு, அந்த எடையை மட்டும் எழுதுங்கள்.